மூன்றாம் பக்கத்துக் கேள்வி

களப்பணிக்குப் புதிதாக வந்திருக்கும் உங்களுக்கு ஏதாவது எழுதித் தரச் சொல்லி அலுவலகத்தில் கேட்டார்கள். படிவத்தை எப்படி நிரப்புவது, எந்தக் கட்டத்தில் எந்தக் குறியீடு போடுவது என்பதற்கெல்லாம் கையேடு இருக்கிறது. அதில் பாதி நான் எழுதியது. அதை மறுபடியும் இங்கே எழுதப் போவதில்லை.

கையேட்டில், குடும்ப உறுப்பினர் யார் என்று விளக்கும் பத்திக்குக் கீழே ஒரு துணை விதி இருக்கிறது. "சிகிச்சைக்காக வேறிடத்தில் தங்கியிருப்பவரையும் அவர் வீட்டோடு சேர்த்து எழுதவும்." நீங்கள் அதைப் படித்துவிட்டு அடுத்த வரிக்குப் போயிருப்பீர்கள். நான் வேலையில் இருந்த காலத்தில் பெரும்பகுதி அந்த வரி இல்லை. அது எப்படி வந்தது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நான் விருப்ப ஓய்வு பெற்றபோது எனக்கு ஐம்பத்து மூன்று வயது. இடுப்பு வலிதான் காரணம். ஜீப்பில் மலை ஏறி இறங்க முடியவில்லை. வேறு காரணம் இருப்பதாகச் சிலர் பேசிக்கொண்டார்கள். அது சரியல்ல. பணியில் சேர்ந்த நாள் முதல் தினமும் நாட்குறிப்பு எழுதியிருக்கிறேன். போன இடம், சேர்ந்த நேரம், பார்த்த ஆள், சொன்ன சொல். கீழே வரும் நேரங்கள் அதிலிருந்து எடுத்தவை. நினைவிலிருந்து சொன்னால் எனக்குச் சாதகமாகச் சொல்லிவிடுவேனோ என்று பயம்.

அப்போது நாங்கள் ஒரு பெரிய ஆய்வில் இருந்தோம். மாநிலத்தில் உள்ள அத்தனை பேரின் மருத்துவச் செலவையும் அரசு ஒன்றே ஏற்றுக்கொள்ள முடியுமா. காப்பீட்டுக் கம்பெனி, தனித்தனித் திட்டம், கைக்காசு எல்லாவற்றையும் எடுத்துவிட்டு, யார் எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் அரசின் ஒரே கையிலிருந்து பணம் போகும்படி செய்ய முடியுமா என்பது கேள்வி. அதற்கு முதலில் யாருக்கு என்ன நோய், எங்கே போகிறார்கள் என்று தெரிய வேண்டும். எல்லைப்புற வார்டுகளில் வீடு வீடாகப் போய் இதைக் கேட்டு எழுதுவது எங்கள் பிரிவின் வேலை. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியும் இடுக்கியின் தோட்டங்களும் என் பொறுப்பு.

ஆய்வுக்குத் தலைவர் ஒரு டாக்டர் அம்மா. பெயர் வேண்டாம். தலைநகரத்துக்காரர், தமிழ் நன்றாகவே பேசுவார். யாரையும் தட்டிக்கொடுத்துப் பேசும் வழக்கம் அவருக்கு இல்லை. ஒரே ஒரு முறை என்னைப் பாராட்டினார். அந்தப் பாராட்டிலிருந்துதான் இது ஆரம்பிக்கிறது.

எலப்புள்ளியில் முன்னோட்டம் நடந்தது. பழனிச்சாமி என்கிற தென்னை விவசாயி வீட்டில் எங்கள் ஆள் ஒன்பது பேர் என்று எழுதியிருந்தார். நான் மறுசரிபார்ப்புக்குப் போனபோது கட்டில் இரண்டு, தட்டு நாலு. மற்ற ஐந்து பேர் எங்கே என்று கேட்டேன்.

"பெரியவன் கஞ்சிக்கோட்டுல கம்பெனி வேலைங்க. பொண்டாட்டி, பொடுசு எல்லாம் அங்கியே வாடகை ஊட்ல இருக்குறாங்க. சின்னவன் கோயமுத்தூருங்க."

"அப்ப அவங்களை இங்க எழுதக் கூடாதுங்களே."

"ஏனுங்க, அவனுக்கு ஊடு இதுதானுங்க. பொறந்தது இங்க. ரேஷன் கார்டு இங்க. நோம்பிக்கு வந்தா இந்தக் கட்டல்லதான் படுப்பான். கீழ படுக்கச் சொன்னா சண்டைக்கு வருவான்."

நான் ஐந்து பெயர்களையும் அடித்தேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வாசல் வரை கூடவே வந்தார்.

"எல்லாத்துக்கும் கவர்மென்ட்டே கட்டுமுன்னு சொல்றீங்க. சரிங்க. நாங்க முட்டி வலின்னாலும் நெஞ்சு வலின்னாலும் கோயமுத்தூருக்குத்தான் ஓடறோம். அங்கயும் கட்டுமுங்களா?"

"அதைத்தாங்க ஆராயறோம்."

"ஆராஞ்சுபோட்டுச் சொல்லுங்க. அதுக்குள்ள முட்டி வலி போயிரும். இல்லாட்டி நான் போயிருவேன்."

அன்று மாலை படிவங்களை அடுக்கிப் பார்த்தபோது, அந்தப் பெரிய மகனைக் கஞ்சிக்கோடு வாடகை வீட்டிலும் எங்கள் வேறோர் ஆள் எழுதியிருப்பதைக் கண்டுபிடித்தேன். ஒரே ஆள், ஒரே ஆய்வில் இரண்டு முறை. இப்படி இன்னும் எத்தனையோ. உடனே விதியை இறுக்கினேன். ஒரே அடுப்பில் உண்பவர், கடந்த ஆறு மாதத்தில் பெரும்பகுதி அந்த வீட்டில் உறங்கியவர். இரண்டும் பொருந்தினால்தான் உறுப்பினர். டாக்டர் அம்மா கூட்டத்தில் என் படிவக் கட்டைத் தூக்கிக் காட்டி, "இவ்வளவு சுத்தமான படிவம் வேறு எந்த மாவட்டத்திலிருந்தும் வரவில்லை" என்றார். அன்றைய நாட்குறிப்பில் அந்த வாக்கியத்தை அப்படியே எழுதி, கீழே கோடு போட்டிருக்கிறேன்.

அந்தச் சுத்தத்தோடுதான் சூரியநெல்லிக்குப் போனேன்.

அங்கே கணக்கெடுத்தவர் ஜெயா. உடும்பஞ்சோலைப் பெண், முப்பத்தைந்து வயது இருக்கும். ஏலத்தோட்டத்தில் வேலை செய்துகொண்டே படித்தவர். தோட்டத்து லயங்களில், அந்த வரிசைக் குடியிருப்புகளில், எந்த வீட்டுக் கதவை எப்போது தட்டினால் ஆள் இருக்கும் என்று அவருக்குத் தெரியும். அவர் கொண்டுவந்த படிவம் ஒன்றில் இரண்டு பெயர்கள் இருந்தன. பேச்சியம்மாள், கொழுந்து பறிப்பவர். சுடலைமுத்து, கணவர், சிறுநீரக நோயாளி. கணவர் பெயருக்கு எதிரே, 'தற்போது போடியில்' என்று ஜெயா எழுதியிருந்தார். போடி மலைக்குக் கீழே, மாநில எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கும் ஊர்.

"எத்தனை மாசமா?" என்று கேட்டேன்.

"ஒரு வருசத்துக்கு மேல சார். செவ்வாயும் வெள்ளியும் டயாலிசிஸ். வாரத்துக்கு ரெண்டு தடவை மலை ஏறி எறங்க உடம்பு தாங்கலை. அக்கா வீட்டுல இருக்காரு."

"அப்ப அடிச்சிடுங்க."

"சார், அடுப்பு ஒன்னுதான் சார். அந்தம்மா ஞாயிறு, புதன் ரெண்டு நாளும் உப்பில்லாம சோறாக்கி தூக்குச்சட்டியில போட்டு ஜீப்புல குடுத்து விடுது. அக்கா வீட்டுச் சாப்பாடு அவருக்கு ஒத்துக்கலை. நம்ம விதியில அடுப்புதானே முதல்ல இருக்கு?"

"ரெண்டாவதும் இருக்கு."

ஜெயா பேனாவை எடுக்கவில்லை. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, விடுமுறை நாளாகப் பார்த்து அவரையும் அழைத்துக்கொண்டு அந்த லயத்துக்குப் போனேன். என் விதியை அவர் கண் முன்னாலேயே நடத்திக் காட்ட வேண்டும் என்ற எண்ணம் இருந்தது. அதை மறைக்கவில்லை.

பேச்சியம்மாளுக்கு ஐம்பது வயதுக்குள் இருக்கும். எங்களை உட்கார வைத்துப் பால் சேர்க்காத கட்டன் சாயா கொடுத்தார். அடுப்பில் சோறு கொதித்துக்கொண்டிருந்தது. பக்கத்தில் கழுவிக் கவிழ்த்த தூக்குச்சட்டி. நான் விதியைப் பொறுமையாக விளக்கிவிட்டு, ஜெயாவின் படிவத்தில் கணவர் பெயரை அடித்தேன். இது ஆய்வு மட்டும்தான், இதில் பெயர் இருப்பதாலோ இல்லாததாலோ யாருக்கும் எதுவும் கிடைக்காது, எதுவும் போகாது என்றும் சொன்னேன். அவர் கேட்டுக்கொண்டே இருந்தார்.

"அங்க இலவசமா மிஷின் போடணும்னா அந்த ஊரு ரேஷன் கார்டு வேணும்னாக. அதனால இங்க கார்டுல அவுக பேரை வெட்டியாச்சு. வேலைக்கு வர முடியலைன்னு எஸ்டேட் ரெஜிஸ்டர்ல வெட்டியாச்சு. வாக்காளர் லிஸ்டுல ஆளில்லைன்னு அதுவும் போச்சு. இப்ப நீங்க வெட்டுதீக. இருபத்தெட்டு வருசம் இந்த வீட்டுல இருந்த மனுசன் சார். இந்த வீட்டுல இருக்காகன்னு சொல்ல இப்ப என்ன இருக்கு, அந்தச் சட்டையத் தவிர?"

கதவுக்குப் பின்னால் ஆணியில் ஒரு நீலச் சட்டை தொங்கியது.

"இது அந்த மாதிரி லிஸ்ட் இல்லம்மா."

"எல்லாரும் அப்படித்தான் சொல்லுதாக. நாளைக்கு எல்லாருக்கும் கவர்மென்ட்டே வைத்தியம் பாக்கும்னு வந்தா, யாருக்குன்னு எதைப் பாத்து முடிவு பண்ணுவாக? இந்தத் தாளைத்தானே?"

அப்படி இல்லை என்று உறுதியாகச் சொல்ல எனக்கே தெரியாது. வெளியே ஜீப் ஓட்டுநர் ஹாரன் அடித்தார். இன்னும் மூன்று லயங்கள் பார்க்க வேண்டியிருந்தது. எழுந்துகொண்டே சொன்னேன்: "வர்ற வியாழக்கிழமை மறுசரிபார்ப்புக்கு நான் வருவேன். அன்னைக்கு அவர் இங்க இருந்தா எழுதிக்கலாம்."

அது பொய். வியாழக்கிழமை அவர் வீட்டில் இருந்தாலும் ஆறு மாத விதிப்படி எழுத முடியாது. எனக்கு அது தெரியும். ஜெயாவுக்கும் தெரியும், அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார். வாசலை விட்டு இறங்குவதற்காகச் சொன்ன சொல் அது. நாட்குறிப்பில், 'சமாதானம் சொல்லிவிட்டு 10.45க்குக் கிளம்பினேன்' என்று இருக்கிறது.

வியாழக்கிழமை நான் போகவில்லை. உடும்பஞ்சோலைப் படிவங்களில் வயது எழுத வேண்டிய கட்டத்தில் பிறந்த ஆண்டை எழுதியிருந்தார்கள். உயிர் போகிற பிழை அல்ல. ஆனால் எனக்கு அது பொறுக்கவில்லை. ஜெயாவையும் இன்னும் இருவரையும் வைத்துக்கொண்டு ஒவ்வொரு படிவமாகத் திருத்தினேன். வியாழன் போய், வெள்ளி, சனி, திங்கள், செவ்வாய் வரை ஆனது. மறுசரிபார்ப்புக்கு வரும் நாளை வீட்டாரிடம் முன்கூட்டிச் சொல்லக் கூடாது என்பதும், களத்தில் யாருக்கும் நம் கைபேசி எண்ணைத் தரக் கூடாது என்பதும் கையேட்டில் உள்ளவை. முதல் விதியை நான் மீறியிருந்தேன். இரண்டாவதை மீறவில்லை. அதனால் அந்த அம்மாவுக்கு நாள் தெரியும். நாள் தள்ளிப்போனது தெரியாது.

அடுத்த புதன்கிழமை காலை 11.10க்கு நானும் ஜெயாவும் அந்த வாசலில் இறங்கினோம். வேலை நாள். வீடு பூட்டியிருக்கும், பக்கத்து வீட்டில் கேட்டுவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தேன். கதவு திறந்திருந்தது.

உள்ளே நாற்காலியில் ஒருவர் உட்கார்ந்திருந்தார். நீலச் சட்டை. தலைக்கு எண்ணெய் வைத்து வகிடு எடுத்துச் சீவியிருந்தது. நெற்றியில் திருநீறு. என்னைப் பார்த்ததும் எழுந்திருக்க முயன்று, முடியாமல் சிரித்தார்.

"வாங்க சார். ஆளு இங்கதான் இருக்கேன். நல்லாப் பாத்துக்கிடுங்க. வேணும்னா போட்டோவும் எடுத்துக்கிடுங்க."

பேச்சியம்மாள் பின்னால் நின்றிருந்தார். "ஆறு நாளா வேலைக்குப் போகலை சார், நீங்க வந்துருவீகன்னு."

"ஆறு நாளா எனக்குக் காவல் காக்குறா. கங்காணி தோத்தான். உப்பில்லாக் கஞ்சியக் குடுத்தே கொல்லுதா சார், இதையும் எழுதிக்கிடுங்க."

"பேசாம இருங்க. மூச்சு வாங்குது."

மூச்சு வாங்கியது. பாதங்கள் வீங்கியிருந்தன. அதை நான் பார்த்தேன். சிறுநீரக நோயாளிக்கு வீக்கம் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்தேன். அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்தபோது, விதிப்படி உங்களை எழுத முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. பணியில் சேர்ந்த பிறகு முதல் தடவையாக, தெரிந்தே விதிக்கு விரோதமாக ஒரு பெயரை எழுத முடிவு செய்தேன். அது எனக்குப் பெரிய காரியமாகப் பட்டது. அந்தப் பெருமையில், எழுதுவதை முழுமையாகவும் ஒழுங்காகவும் எழுத வேண்டும் என்று தோன்றியது. புதிய படிவம் எடுத்து முதல் பக்கத்திலிருந்து ஆரம்பித்தேன்.

முதல் பக்கம் வீடு. கூரை எது, தரை எது, தண்ணீர் எங்கிருந்து, கழிப்பறை தனியா பொதுவா. இரண்டாம் பக்கம் ஆட்கள். பெயர், வயது, படிப்பு, தொழில், ஊர். சுடலைமுத்து ஒவ்வொன்றுக்கும் நிறுத்தி நிறுத்திப் பதில் சொன்னார். தொழில் என்று கேட்டபோது மனைவியைப் பார்த்துவிட்டு, "மருந்தடிக்கிற வேலைன்னு போடுங்க. இப்ப இல்லைன்னு போட்டுறாதீக" என்றார். அப்படியே போட்டேன். இடையில் ஒரு முறை ஜெயா, "சார், கொஞ்சம் சீக்கிரம்" என்றார். அடுத்த வீடுகளுக்கு நேரமாகிறது என்கிறார் போலும் என்று நினைத்து, "எல்லாம் வரிசையா முடிக்கலாம்" என்றேன்.

மூன்றாம் பக்கத்தில்தான் நோய் வரும்.

"கடைசியா சிகிச்சை எடுத்தது என்னைக்கு?"

பேச்சியம்மாள் சொன்னார்: "போன செவ்வாய்க்கு."

"நேத்தா?"

"நேத்து இல்ல சார். அதுக்கு முந்தின செவ்வாய். புதன்கிழமை மேல வந்தாக. வியாழன் நீங்க வருவீக, வெள்ளி கீழ போயிரலாம்னு. நீங்க வரலை. வெள்ளிக்கிழமை நான் கெளப்புனேன். இவுக மாட்டேன்னுட்டாக."

"நான் அங்கிட்டு எறங்க, நீங்க இங்கிட்டு வந்து, ஆளில்லைன்னு எழுதிட்டுப் போயிட்டா?" என்றார் சுடலைமுத்து. "இன்னிக்கு வருவாரு, நாளைக்கு வருவாருன்னு பாத்தோம். சொன்னவரு வராம இருப்பாரா?"

எட்டு நாள். இரண்டு தடவை தவறியிருந்தது.

நான் படிவத்தை மூடினேன். மணி 11.40. ஜெயா அதற்குள் வெளியே ஓடி ஜீப்பைத் திருப்பச் சொல்லிவிட்டார். அந்த முப்பது நிமிடத்தைப் பற்றித்தான் உங்களுக்குச் சொல்ல வந்தேன். மற்றவை நான் அறியாமல் நடந்தவை என்று வாதாடலாம். இது அப்படி அல்ல. வீங்கிய காலோடும் மூச்சிரைப்போடும் ஒரு மனிதர் எனக்கு எதிரே நான்கு அடி தூரத்தில் உட்கார்ந்திருந்தார். நான் அவர் வீட்டுக் கூரையைப் பற்றிக் கேட்டுக்கொண்டிருந்தேன், கூரை முதல் பக்கத்தில் இருந்ததால்.

அவரை முன் இருக்கையில் சாய்த்து உட்கார வைத்தோம். நாங்கள் மூவரும் பின்னால். பூப்பாறை தாண்டி, போடிமெட்டு தாண்டி, கீழே இறங்கத் தொடங்கினோம். வெயில் அடித்துக்கொண்டிருந்தது. சமவெளி கண்ணுக்குத் தெரிந்தது. பக்கத்தில் இருப்பது போல.

"எழுதி முடிச்சிட்டீகளா சார்?" என்று முன்னாலிருந்து கேட்டார்.

"முடிச்சிட்டேன்." அதுவும் பொய். மூன்றாம் பக்கம் பாதியில் நின்றிருந்தது.

"இந்த வளைவெல்லாம் எனக்கு மனப்பாடம். கண்ணை மூடிக்கிட்டுச் சொல்லுவேன்."

சொன்னார். ஒவ்வொரு கொண்டை ஊசி வளைவிலும் எண்ணை உரக்கச் சொல்வார். ஓட்டுநர், "சரியாச் சொல்றீங்க அண்ணாச்சி" என்பார். பதினொன்று வரை சொன்னார். பன்னிரண்டாவது வளைவில் சத்தம் வரவில்லை. பேச்சியம்மாள் பின்னாலிருந்து கையை நீட்டி அவர் தோளைப் பிடித்துக்கொண்டார். "பன்னெண்டு," என்று அந்த அம்மாவே சொன்னார். அதன் பிறகு கடைசி வளைவு வரை அவர்தான் எண்ணிக்கொண்டு வந்தார்.

ஆஸ்பத்திரியில் தாமதிக்கவில்லை. 2.35க்கு இயந்திரத்தில் போட்டார்கள். 4.20க்கு இதயம் நின்றது.

அவருடைய அக்கா வந்திருந்தார். ஆஸ்பத்திரி ஊழியர் விலாசம் கேட்டபோது, கார்டில் உள்ளபடி அக்கா தன் வீட்டு விலாசத்தைச் சொன்னார். வேறு எதைச் சொல்ல முடியும்? ஆகவே அந்த ஊரில் வசித்து, அந்த ஊரில் இறந்தவர் என்று பதிவானது. நம் மாநிலத்துக் காகிதங்களில் அவர் நோயாளியாகவும் இல்லை, இறந்தவராகவும் இல்லை. ஒரு முழு மலைத்தொடரின் நோய்கள் இப்படித்தான் எங்கள் கணக்கிலிருந்து இறங்கிப் போய்க்கொண்டிருந்தன என்பது அந்த ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கும்போதுதான் எனக்கு உறைத்தது. பெரிய நோய் வந்தவர் ஆஸ்பத்திரி இருக்கும் இடத்துக்குப் போய்விடுவார். போனவரை நாம் அடித்துவிடுவோம். மிஞ்சியவர்களை எண்ணிவிட்டு, தோட்டங்களில் நோய் குறைவு என்று எழுதுவோம். சுத்தமான படிவம்.

மறுநாள் உட்கார்ந்து டாக்டர் அம்மாவுக்கு எழுதினேன். நடந்ததை நேரப்படி, எதையும் விடாமல். என் மேல் நடவடிக்கை எடுக்க வேண்டும் என்று முடித்தேன். அவர் தொலைபேசியில் அழைத்தார். ஆறுதல் சொல்வார் என்று நான் எதிர்பார்க்கவில்லை; சொல்லவும் இல்லை.

"உங்களைத் தண்டிக்க வேண்டுமா, விதியை மாற்ற வேண்டுமா? இந்த வாரம் எனக்கு ஒன்றுக்குத்தான் நேரம் இருக்கிறது."

கடிதத்தில் கேட்டதையே மறுபடியும் சொன்னேன்.

"தண்டனை உங்களுக்கு வசதியாக இருக்கும். அதனால் அது வேண்டாம். இப்படி எத்தனை பேரை அடித்தீர்கள்?"

"எண்ணவில்லை."

"நீங்கள் எண்ணவில்லையா?" என்றார். பிறகு, "திரும்பப் போங்கள். எல்லா வீட்டுக்கும்" என்றார்.

அலுவலகத்தில் ஒரு சிக்கல் கிளம்பியது. அந்த வீட்டுக்கு இரண்டு படிவங்கள் இருந்தன. முதலாவதில் ஒருவர்; இரண்டாவதில் இருவர், அதிலும் மூன்றாம் பக்கம் பாதி. ஒருவர் இறந்தும்விட்டார். எதை வைத்துக்கொள்வது என்று கணினிப் பிரிவில் கேட்டார்கள். டாக்டர் அம்மா இரண்டாவதை வைக்கச் சொன்னார். "சரிபார்ப்பவர் போன நேரத்தில் அந்த மனிதர் உயிரோடு இருந்தார். அந்த வீட்டில் இருந்தார்" என்று குறிப்பு எழுதினார். மூன்றாம் பக்கத்தின் காலிக் கட்டங்கள் அப்படியே இருக்கின்றன. எனக்குத் தெரிந்து என் கையால் முடிக்கப்படாமல் போன படிவம் அது ஒன்றுதான்.

ஆய்வு என்ன ஆயிற்று என்று கேட்பீர்கள். அறிக்கை கொடுத்தோம். முடியும் என்றும், இன்னின்ன செய்தால்தான் முடியும் என்றும் அதில் இருக்கிறது. எல்லைக்கு அந்தப் பக்கம் சிகிச்சை எடுப்பவர்களுக்கு யார் பணம் கட்டுவது என்று ஒரு முழு அத்தியாயம். பழனிச்சாமி முட்டி வலியோடு கேட்ட அதே கேள்விதான். பரிசீலனையில் இருக்கிறது என்கிறார்கள்.

அந்த அறிக்கைக்கு முன், சுடலைமுத்து இறந்து ஏறக்குறைய இரண்டு மாதம் கழித்து, புதிய கேள்வியோடு நானும் ஜெயாவும் சூரியநெல்லிக்குத் திரும்பினோம். பட்டியலில் பேச்சியம்மாள் வீடும் இருந்தது. அதை விட்டுவிடலாமா என்று ஜெயா கேட்டார். விடுவதற்கு விதி இல்லை என்று சொல்லப் போனேன்; சொல்லவில்லை. போவோம் என்று மட்டும் சொன்னேன்.

மதியச் சாப்பாட்டுக்கு வீட்டுக்கு வந்திருந்தார். கொழுந்து பறிக்கும்போது கட்டும் படுதா இன்னும் இடுப்பில் இருந்தது. கதவுக்குப் பின்னால் ஆணி மட்டும் இருந்தது. எங்களை உட்காரச் சொன்னார். கட்டன் சாயா கொடுத்தார், முன்பு கொடுத்தது போலவே. ஜெயாதான் கேட்டார்.

"அக்கா, இந்த வீட்டு ஆளுங்க, வைத்தியத்துக்காக வேற ஊர்ல தங்கியிருக்கிறவங்க யாராவது இருக்காங்களா?"

பேச்சியம்மாள் என்னைப் பார்த்தார்.

"இங்க இல்லாதவுகளை எழுதக் கூடாதுல்ல சார்?"

"இப்ப எழுதலாம்மா. விதியை மாத்தியாச்சு."

"எப்ப மாத்துனீக?"

"போன மாசம்."

அவர் தலையசைத்தார். குரலில் கோபம் இல்லை. இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். காலி டம்ளர்களை எடுத்துக் கழுவிக் கவிழ்த்தார். தூக்குச்சட்டி அலமாரிக்கு மேலே ஏறியிருந்தது.

"எங்க வீட்ல இப்ப வெளிய யாரும் இல்ல சார். அப்படியே எழுதிக்கிடுங்க."

எழுதினேன். எழுத்து எப்போதும் போல நேராகத்தான் இருந்தது.

பிறகு அவர் படுதாவை இறுக்கிக் கட்டிக்கொண்டு எங்களுக்கு முன்னால் வெளியே இறங்கினார். அடுத்த வாசலில் நின்று உள்ளே பார்த்துக் கூப்பிட்டார்.

"ஏ ராசாத்தி! பேரு எழுத வந்திருக்காக. ஒம் மாமனார் கீழ இருக்காருல்ல, அவரைச் சொல்லு. ஆளைக் கூட்டியார வேண்டாம். இங்க இல்லாட்டியும் எழுதுவாக."